2.27 கிலோ: புரொடக்‌ஷனில் பதிந்த ஒரு பிஸ்டல் ஓப்பனுக்குப் போன நிகழ்வு

பிராக்டிகல் ஷூட்டிங் எனும் துப்பாக்கி சுடும் போட்டி. ஆறு ஸ்டேஜ், அதாவது ஆறு சுற்று. நான்கு முடிந்திருந்தன. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து இளைஞர் ஒருவர் புரொடக்‌ஷன் டிவிஷனில் (கடையில் விற்கிறபடியே இருக்கும் பிஸ்டலுக்கான பிரிவு) நல்ல இடத்தில் இருந்தார். ஐந்தாவது ஸ்டேஜுக்குப் போகும் முன் அவருடைய பிஸ்டலைச் சோதனை மேசையில் வாங்கினார்கள். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹேமரை (தோட்டாவைச் சுடவைக்கும் சுத்தியல்) இறக்கி, ட்ரிகரில் 2.27 கிலோ எடையை மாட்டி, குழல் மேலே பார்க்கத் தூக்கினார்கள். ஹேமர் தானாகப் பின்னால் போய் விழுந்துவிட்டது. அப்படி விழுந்தால் ட்ரிகர் விதியைவிட லேசு என்று அர்த்தம். ஒருமுறை விழுந்ததை வைத்து முடிவு சொல்லவில்லை. மறுபடியும் தூக்கிப் பார்த்தார்கள், மறுபடியும் விழுந்தது. சாயங்காலம் முடிவுப் பட்டியல் ஒட்டியபோது புரொடக்‌ஷனில் அவர் பெயர் இல்லை. பந்தயத் துப்பாக்கிகளுக்கான ஓப்பன் டிவிஷனில், கடைசிக்குச் சற்று மேலே இருந்தது.

போட்டி நடந்த நாட்டையும் கிளப்பையும் அவர் கேட்டுக்கொண்டபடி இங்கே எழுதவில்லை. ஸ்கோர் ஷீட்டையும் பிஸ்டலின் படங்களையும் எனக்கு அனுப்பி, "எழுதுங்கண்ணா, நம்மூர்லிருந்து அடுத்து வர்ற பசங்களுக்காச்சும் தெரியட்டும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் எங்கிருந்து போனார்

பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் பலருக்கும் தெரியாத தமிழ்நிலம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று நீளும். ஆட்சி கேரளம், வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழ். தமிழில் படிக்கப் பள்ளிக்கூடங்கள் உண்டு. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் சிலர் வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கியும் இருக்கும். 2022-இல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்த பிறகு, அந்தத் துப்பாக்கிகளுக்கு ஊரில் மரியாதை கூடியது. தேர்தல் வந்தால் அதே துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வதும் இங்கே எல்லோருக்கும் பழகிய காரியம்.

ஆனால் அந்தத் துப்பாக்கிக்கும் போட்டிக்கும் சம்பந்தமில்லை. இவர் தொடங்கியது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். 4.5 மி.மீ. பெல்லட், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. தோப்பு வருமானத்தில் ஒரு ஏர் பிஸ்டல் வாங்குவதே பெரிய விஷயமாக இருந்தது அந்த வீட்டில். பிறகு வேலைக்காக வெளிநாடு போனார். அங்கே வார இறுதியில் நடக்கும் பிராக்டிகல் ஷூட்டிங் போட்டியைப் பார்த்து ஆசைப்பட்டுச் சேர்ந்தார்.

பிராக்டிகல் ஷூட்டிங் வேறு உலகம். ஏர் பிஸ்டலில் ஒரே இடத்தில் நின்று, ஒற்றைக் கையால், மூச்சை அடக்கி, ஒரு வெள்ளை அட்டையின் நடுவைத் தேட வேண்டும். இங்கே ஓட வேண்டும், சுவர் மறைவிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும், ஓடிக்கொண்டே தோட்டாக்கள் உள்ள மேகசினை மாற்ற வேண்டும். இதற்கான சர்வதேச அமைப்பான ஐபிஎஸ்சி 1976 மே மாதம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் உருவானது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், வலிமை, வேகம் மூன்றையும் குறிக்கும் லத்தீன் சொற்கள் அதன் முழக்கம். ஸ்கோரும் அப்படித்தான்: பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். மெதுவாகச் சுட்டு எல்லாம் நடுவில் பட்டாலும் பயனில்லை, வேகமாகச் சுட்டுத் தவறவிட்டாலும் பயனில்லை.

டிவிஷன் எதற்கு

ஒரே மைதானத்தில் எல்லா வகைத் துப்பாக்கியும் வரும். சிவப்புப் புள்ளி காட்டும் ஆப்டிகல் சைட், குழல் நுனியில் உதைப்பைக் குறைக்கும் காம்பன்சேட்டர், 170 மி.மீ. வரை நீளமான மேகசின் எல்லாம் வைத்த பந்தயத் துப்பாக்கிக்கு ஓப்பன். ஆப்டிகல் இல்லாமல், ஆனால் பல மாற்றங்களோடு, 225 × 150 × 45 மி.மீ. பெட்டிக்குள் அடங்கினால் ஸ்டாண்டர்ட். 1911 வகைக்குக் கிளாசிக். சுழல் துப்பாக்கிக்கு ரிவால்வர். கடையில் விற்கிறபடியே இருக்கும் பிஸ்டலுக்குப் புரொடக்‌ஷன். அதிலேயே ஆப்டிகல் சைட் வைத்தால் புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ்.

இவற்றில் நான் மிகவும் மதிப்பது புரொடக்‌ஷன். காரணம் எளியது. ஓப்பனில் பணம் வேகத்தை வாங்கித் தரும். நல்ல ஓப்பன் பிஸ்டல் ஒன்றின் விலையில் இரண்டு மூன்று சாதாரணப் பிஸ்டல்கள் வாங்கிவிடலாம். புரொடக்‌ஷனில் அந்த வழியை அடைத்து வைத்திருக்கிறார்கள். அனுமதிப் பட்டியலில் உள்ள மாடலாக இருக்க வேண்டும். குழல் நீளம் 127 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. சிங்கிள் ஆக்‌ஷன் மட்டும் கொண்ட பிஸ்டலுக்கு இடமில்லை. தொடக்க ஒலிக்குப் பிறகு ஒரு மேகசினில் 15 குண்டுதான். ஹோல்ஸ்டர் என்ற துப்பாக்கி உறையையும் மேகசின் பைகளையும் இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பின்னால்தான் கட்ட வேண்டும். எவ்வளவு பலமான தோட்டாவாக இருந்தாலும் ஸ்கோர் மைனர்தான், அதாவது பலம் குறைந்த தோட்டாவுக்கான கணக்குதான். தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை பணக்காரரோடு சரிசமமாக நிற்கக்கூடிய இடம் இது. அதனால்தான் இதன் வேலியைத் தளர்த்துவதை நான் ஏற்பதில்லை, நம் ஊர்க்காரர் ஒருவர் அதில் மாட்டியிருந்தாலும்.

தகராறு

அவர் வாங்கியது பழைய பிஸ்டல். கிளப்பிலேயே ஒரு மூத்த உறுப்பினர் விற்றார். "லிஸ்டில் இருக்கும் மாடல்தான்" என்று சொல்லி விற்றார், அது உண்மையும்கூட. மாடலின் பெயர் பட்டியலில் இருந்தது, குழல் நீளம் சரி, வெளிப்பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை. இளைஞர் பட்டியலை எடுத்துத் தானே சரிபார்த்தும் இருக்கிறார். அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த மாடல் டபுள் ஆக்‌ஷன், சிங்கிள் ஆக்‌ஷன் இரண்டும் கலந்தது. சிஇசட் 75 பார்த்திருப்பவர்களுக்கு இந்த வகை தெரியும். ஹேமர் இறங்கிய நிலையில் முதல் குண்டுக்கு ட்ரிகரை இழுத்தால், அதே இழுப்பு ஹேமரைப் பின்னுக்குத் தள்ளி விழவும் வைக்கும். நீளமான, கனமான இழுப்பு. சுட்டதும் மேலே உள்ள ஸ்லைடு பின்வாங்கி ஹேமரைப் பின்னுக்குத் தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். இரண்டாவது குண்டிலிருந்து இழுப்பு குட்டை, லேசு. க்ளாக் 17 போன்ற பிஸ்டலில் வெளியே ஹேமர் கிடையாது, முதல் குண்டுக்கும் பத்தாவது குண்டுக்கும் இழுப்பு ஒன்றுதான்.

இரண்டு வகைக்கும் இடம் கொடுக்கத்தான் விதியில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். முதல் குண்டின் இழுப்பு குறைந்தது 2.27 கிலோ இருக்க வேண்டும். அல்லது, ஒவ்வொரு குண்டின் இழுப்பும் குறைந்தது 1.36 கிலோ இருக்க வேண்டும். பவுண்டில் சொன்னால் 5, 3. ஹேமர் வெளியே உள்ள பிஸ்டலாக இருந்தால், தொடக்கத்தில் ஹேமர் முழுவதும் இறங்கியிருக்க வேண்டும் என்பது இதோடு சேர்ந்த நிபந்தனை. முதல் கனமான இழுப்பை யாரும் தாண்டிப் போக முடியாது.

முன்பு வைத்திருந்தவர் உள்ளே ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார். விரலுக்கு லேசாக இருக்கட்டும் என்று செய்ததாம். அவர் அதை வேறு டிவிஷனில் சுட்டுக்கொண்டிருந்ததால் அவருக்கு இந்தக் கணக்கே வரவில்லை. போட்டி முடிந்தபின் கிளப் அளவுகோலில் பார்த்தபோது முதல் இழுப்பு ஏறக்குறைய 2.1 கிலோ, அடுத்த இழுப்பு 1.1 கிலோ.

இங்கேதான் இளைஞரின் வாதம். எனக்குப் போனில் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ஏனுங்கண்ணா, ரெண்டாவது வழில ஒண்ணு முப்பத்தாறு போதும்னுதானே இருக்குது? எனக்கு முதல் குண்டு ரெண்டு கிலோவுக்கு மேல இருக்குதுங்க. அப்ப பாஸ்தானுங்களே?"

"முதல் குண்டு பாஸ்தான் தம்பி. ரெண்டாவது குண்டு?"

"அது லேசுங்க. ஆனா அதை யாரு பாக்கப் போறாங்க, முதல் குண்டுதானே சோதனை?"

"முதல் வழில போனா முதல் குண்டு மட்டும். ரெண்டாவது வழில போனா எல்லாக் குண்டும். நீ முதல் வழியோட சலுகையையும் ரெண்டாவது வழியோட எடையையும் சேத்து எடுக்கிறே."

அந்த மேசையிலும் இதையேதான் செய்து காட்டியிருக்கிறார்கள். 2.27 கிலோவில் ஹேமர் விழுந்ததும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஹேமரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவைத்து 1.36 கிலோ எடையை மாட்டிப் பார்த்தார்கள். அதிலும் விழுந்தது. இரண்டு கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொன்னார்கள் என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். அவருக்குச் சாதகமான வழி இருக்கிறதா என்று அதிகாரிகளே தேடியிருக்கிறார்கள். அந்த ஸ்பிரிங் யார் தயாரித்தது, அது அனுமதிக்கப்பட்ட பாகமா என்ற கேள்விக்கே போக வேண்டியிருக்கவில்லை. எடையே தீர்த்துவிட்டது.

மைதானத்தின் தலைமை அதிகாரியான ரேஞ்ச் மாஸ்டரிடம் இளைஞர் முறையிட்டார். ரேஞ்ச் மாஸ்டர் விதிப்புத்தகத்தைத் திறந்து 6.2.5.1-ஐக் காட்டினார். பதிவு செய்த டிவிஷனின் நிபந்தனையைப் பூர்த்தி செய்யாதவர் ஓப்பனுக்கு மாற்றப்படுவார். அந்தப் போட்டியில் ஓப்பன் இல்லையென்றால் சுடலாம், ஸ்கோர் கிடையாது. எழுத்தில் மேல்முறையீடு செய்ய ஒரு மணி நேரம் உண்டு என்பதையும் சொன்னார்கள். இளைஞர் அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குப் போன் செய்து பேசிவிட்டு, முறையீடு எழுத வேண்டாம் என்று தானே முடிவெடுத்தார். சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். எடை தூக்கியதில் தவறிருந்தால், சோதனை முறை பிசகியிருந்தால் நானே எழுதச் சொல்லியிருப்பேன்.

ஸ்கோரில் என்ன நடந்தது

டிவிஷன் மாறினால் நான்கு ஸ்டேஜில் சுட்டதெல்லாம் அழிந்துவிடாது. அதே புள்ளி, அதே நொடி. ஒப்பிடும் ஆள்தான் மாறுகிறார். அது எவ்வளவு பெரிய அடி என்பதை ஒரு கணக்கு போட்டால்தான் தெரியும். எண்கள் அவருடைய ஷீட்டில் உள்ளவை அல்ல, புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை.

24 குண்டு ஸ்டேஜ் ஒன்று, மொத்தம் 120 புள்ளி. இலக்கு அட்டையின் ஏ பகுதியில் பட்டால் எப்போதும் 5. சி பகுதியில் பட்டால் பலமான தோட்டாவான மேஜருக்கு 4, மைனருக்கு 3. டி பகுதியில் 2, 1. நம் ஆள் 18 ஏ, 6 சி அடித்து 20 நொடியில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மைனரில் 90-ம் 18-ம் சேர்ந்து 108. ஹிட் ஃபேக்டர் 5.40. புரொடக்‌ஷனில் அந்த ஸ்டேஜில் முதல்வர் 110 புள்ளியை 18 நொடியில் எடுத்தால் அவருக்கு 6.11. முதல்வருக்கு முழு 120, மற்றவர்களுக்கு ஹிட் ஃபேக்டர் விகிதப்படி என்பதால் நம் ஆளுக்கு 106 புள்ளி கிடைக்கும். அருமையான ஸ்கோர்.

இப்போது அவரை ஓப்பனில் வையுங்கள். அங்கே முதல்வரும் அதே 18 ஏ, 6 சிதான் அடிக்கிறார். ஆனால் மேஜர் என்பதால் 114 புள்ளி. ஆப்டிகலும் காம்பன்சேட்டரும் இருப்பதால் 15 நொடியில் முடிக்கிறார். ஹிட் ஃபேக்டர் 7.60. நம் ஆளின் 5.40-க்கு இப்போது 85 புள்ளிதான். கை ஒன்று, கண் ஒன்று, 21 புள்ளி போய்விட்டது. ஆறு ஸ்டேஜிலும் இப்படியே இழந்தால் பட்டியலின் அடிக்குத்தான் போக முடியும்.

மேஜர், மைனர் எப்படித் தீர்மானமாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பார்கள். 125 வந்தால் மைனர். மேஜருக்கு ஓப்பனில் 160, ஸ்டாண்டர்டில் 170. 124 கிரெய்ன் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130.2. நம் ஆளின் தோட்டா இந்த அளவில்தான் இருந்தது; குண்டின் வேகத்தை அளக்கும் கிரோனோ மேசையில் அவருக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. புரொடக்‌ஷனுக்கு அது தாராளம், ஓப்பனில் அதுவே பாரம்.

மீதி இரண்டு ஸ்டேஜில் 15 குண்டு வரம்பு அவருக்கு இல்லை. ஓப்பன்காரராகிவிட்டதால் மேகசினை நிரப்பிக்கொள்ளலாம் என்று ரேஞ்ச் ஆபீசர் ஒருவர் அன்போடு சொல்லியிருக்கிறார். இவர் 15-தான் போட்டார். மேகசின் மாற்றும் இடங்களை முந்தின நாள் நடந்து பார்த்து மனதில் பதித்திருந்தார், அதைக் கலைக்க விரும்பவில்லை.

பட்டியலில் பெயர் இருப்பது

இந்த நிகழ்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே. அனுமதிப் பட்டியல் ஒரு மாடலைத்தான் அனுமதிக்கிறது. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பிஸ்டலை அது பார்த்ததே இல்லை. பழைய பிஸ்டலாக இருந்தால் யார் யார் திறந்தார்கள், எதை மாற்றினார்கள் என்பது வெளியே தெரியாது. புதிதாக வாங்கியதில்கூட ஸ்பிரிங் தேய்ந்து இழுப்பு குறையலாம். போன வருடம் பாஸானது இந்த வருடம் விழும்.

இன்னொரு பொறி, எந்த விதிப்புத்தகம் என்பது. இணையத்தில் நம் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்கக் காணொளிகள். அங்கே யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமைப்பு தன் விதியை வைத்துப் போட்டி நடத்துகிறது. டிவிஷன் பெயர் அங்கும் புரொடக்‌ஷன்தான், உள்ளே இருப்பது வேறு. க்ளாக் 34 நல்ல உதாரணம். அதன் குழல் 135 மி.மீ. அமெரிக்கப் புரொடக்‌ஷனில் அதைப் பல வருடமாகச் சுடுகிறார்கள். ஐபிஎஸ்சி புரொடக்‌ஷனில் 127 மி.மீ. வரம்பு என்பதால் அதற்கு இடமில்லை. காணொளியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டால், எந்த மாற்றமும் செய்யாத புத்தம்புதிய பிஸ்டலோடு ஓப்பனில் நிற்க வேண்டிவரும்.

நம் ஊரிலிருந்தே இதைப் பழகிப் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் விதிதான் பதில். ஐபிஎஸ்சி கேட்கும் குறைந்தபட்சத் தோட்டா 9 × 19 மி.மீ. இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட குழல் அளவு, சாதாரண லைசென்ஸில் வராது. லைசென்ஸில் வழக்கமாகக் கிடைக்கும் .32 பிஸ்டலின் 71 கிரெய்ன் குண்டு 900 அடி வேகத்தில் போனால் 63.9-தான் வரும், மைனரில் பாதி. அளவிலும் சேராது, பலத்திலும் சேராது. ஆகவே இங்கே இருக்கும்வரை ஏர் பிஸ்டல்தான் வழி, அதில் கிடைக்கும் ட்ரிகர் பழக்கம் எங்கே போனாலும் கைகொடுக்கும்.

உண்மையில் இந்த இளைஞரை அதுவே காப்பாற்றியிருக்க வேண்டும். ஏர் பிஸ்டலில் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும், அதற்கென்றே எடைக்கல் வைத்திருப்பார்கள். இங்கே ஒவ்வொரு போட்டிக்கும் முன் அவர் தன் பிஸ்டலை எடைக்கல்லில் மாட்டிப் பார்த்திருக்கிறார். அங்கே பழகிய சின்னக் கிளப் போட்டிகளில் யாரும் எடை தூக்கவில்லை. யாரும் கேட்காததை அனுமதி என்று எடுத்துக்கொண்டுவிட்டார். முதல் பெரிய போட்டியில்தான் கேட்டார்கள்.

பிறகு

துப்பாக்கியைக் கிளப்பின் ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) திறந்து, தயாரிப்பாளரின் அசல் ஸ்பிரிங்கைப் போட்டுக்கொடுத்தார். இப்போது முதல் இழுப்பு 2.27 கிலோவைத் தாராளமாகத் தாங்குகிறது. இரண்டாவது இழுப்பு 1.36-க்குக் கீழேதான், ஆனால் முதல் வழியில் போவதால் அது தேவையில்லை. விற்றவர் வருத்தப்பட்டு ஸ்பிரிங்கின் விலையைக் கொடுக்க வந்தாராம், இவர் வாங்கவில்லை. கனத்துப்போன முதல் இழுப்பில் அவருடைய முதல் குண்டு கொஞ்ச நாள் இடப்பக்கமாகவே விழுந்தது. தினமும் ராத்திரி வெற்றுத் துப்பாக்கியில் அந்த ஒரு இழுப்பை மட்டும் பழகிச் சரிசெய்தார்.

எனக்கு ஒரு குறை மிச்சமிருக்கிறது. சோதனை நான்கு ஸ்டேஜுக்குப் பிறகு வந்தது. விதிப்படி எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் முதல்முறை பெரிய போட்டிக்கு வருபவருக்கு, முதல் ஸ்டேஜுக்கு முன்பே அவர் விரும்பினால் தூக்கிப் பார்க்க ஒரு எடைக்கல் வைத்திருக்கலாம். விழுந்தால் அப்போதே டிவிஷனை மாற்றிப் பதிந்துகொள்வார், அல்லது ரேஞ்ச் மாஸ்டரின் அனுமதியோடு வேறு பிஸ்டல் கேட்பார். போட்டி தொடங்கிவிட்டால் கடைசிவரை அதே பிஸ்டல்தான், பழுதானால் ஒழிய மாற்ற முடியாது. இதை எழுதி அவர் மூலமாகக் கிளப்புக்கு அனுப்பினேன். இரண்டு எடைக்கல்லும் பயிற்சி நாட்களில் மேசைமேல் இருக்கும், யார் வேண்டுமானாலும் தூக்கிப் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. போட்டி நாள் காலையிலும் வைப்பதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுகிறார்களாம்.